பேணியில் உன் முகம்

மகன், உன் கலியாண அழைப்பும் ஒரு தகரப் பேணியும் ஒரே பையில் வந்து சேர்ந்தன. அழைப்பை ஓரமாக வைத்துவிட்டுப் பேணியைத்தான் முதலில் கையில் எடுத்தேன். கருஞ்சிவப்புப் பேணி, தங்க நிற மூடி. ஒரு பக்கம் பீட்ரூட் கிழங்கும் கீரைக்கட்டும் படமாக இருந்தன. மறுபக்கம் நீ நின்றாய். வெள்ளைக் கோட்டுப் போட்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையைக் கட்டிக்கொண்டு, ஊருக்கே வைத்தியம் பார்க்கிறவன் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றாய். கீழே, மருத்துவ ஆய்வுகூட நிபுணரின் சிபாரிசு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கோட்டின் இரண்டாவது பொத்தான் கறுப்பு நூலால் தைத்தது என்பது படத்தில் நன்றாகத் தெரிகிறது. வெள்ளை நூல் முடிந்துவிட்டதென்று முணுமுணுத்துக்கொண்டே உன் அம்மா தைத்த பொத்தான் அது. அவள் தைத்த பொத்தானை நெஞ்சில் போட்டுக்கொண்டு, அவளைச் சாகடித்த தூளுக்கு நீ சாட்சி நிற்கிறாய். அப்பா எதையும் பெரிதாக்குகிறவர் என்று இப்போது நினைப்பாய். நினைத்துக்கொள். இதைக் கடைசிவரை வாசித்துவிட்டு நினை.

போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ "பிறகு எடுக்கிறன் அப்பா" என்பாய், அந்தப் பிறகு வரவே வராது. அதனால்தான் எழுதுகிறேன். நேரடியாகவே சொல்லிவிடுகிறேன், அந்தத் தூளை விற்கிற உன் மாமனாரை நான் பழிவாங்கப் போகிறேன். எங்கே, எப்படி, யாரை வைத்து என்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுதப்போகிறேன். பழிவாங்குகிறவன் முன்கூட்டியே சொல்வானா என்று நீ கேட்கலாம். நான் இந்த வவுணதீவில் எத்தனையோ போகத்துக்கு வட்டை விதானையாக இருந்தவன். ஒரு வட்டையில் யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் போக வேண்டும் என்று முறை வைக்கிற வேலை. மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்ற மனிதர்களுக்கு நடுவில் நின்றிருக்கிறேன். ஒருவனுடைய வாய்க்காலை அடைக்க வேண்டி வந்தால் பட்டப்பகலில், அவன் கண் முன்னாலே, சொல்லிவிட்டுத்தான் அடைத்திருக்கிறேன். இதையும் அப்படித்தான் செய்வேன்.

அம்மாவின் நோய் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் கொழும்பில் இருந்துகொண்டு போனில் கேட்பதும் பக்கத்தில் இருந்து பார்ப்பதும் ஒன்றல்ல. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, முறை நாள் வந்தால் விடியக் காலமே வெளிக்கிட்டு வலையிறவுப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போவோம். மிஷினில் இரத்தம் சுத்தமாகி முடியும்வரை நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருப்பேன். திரும்பி வரும்போது பிழிந்த துணி மாதிரி வருவாள். ஆனாலும் மறுநாள் காலையில் எழுந்து என்னை அதட்டுவாள். தண்ணீருக்கு அளவு, உப்புக்கு அளவு, இளநீருக்கும் வாழைப்பழத்துக்கும் தடை. எல்லாவற்றையும் அவள் மதித்தாள். கீரையை அவித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் மறுபடி அவித்து, அதையும் கொட்டி, கடைசியில் கோப்பையில் மிஞ்சுவதைத்தான் தின்பாள். "இது கீரை இல்ல, கீரைட பிரேதம்" என்று சொல்லிச் சிரிப்பாள். கீரையில் இருக்கிற பொட்டாசியம் இதயத்தை நிறுத்திவிடும் என்று கிளினிக்கில் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் அவள். அப்படிப்பட்டவள், அதே கீரையைக் காயவைத்து இடித்துப் பேணியில் அடைத்துக் கொடுத்தபோது கரண்டி கரண்டியாகக் கரைத்துக் குடித்தாள். கீரை சட்டியில் வந்தால் சாப்பாடு, பேணியில் வந்தால் மருந்து. அவளுக்கு அப்படித்தான் பட்டது.

உன் மாமனார் அப்போது உனக்கு யாரோ. பாசிக்குடா ஹோட்டல்களில் வெள்ளைக்காரருக்கு மூலிகை எண்ணெயும் தேநீரும் விற்றுக்கொண்டிருந்த மனிதர், அந்தத் தொழில் படுத்ததும் நம்மவர்களின் இரத்தக் குழாய்கள் மீது இரக்கம் கொண்டுவிட்டார். நகரத்தில் மண்டபம் எடுத்து இலவச முகாம் வைத்தார். உன் அம்மா மிஷினுக்குப் போய் வந்த மறுநாள் அது. பக்கத்து வீட்டுப் பெண்களோடு போனாள், துணைக்கு நானும் போனேன். அவர் ஒரு சின்னத் தாளை எடுத்து, "அக்கா, நாக்க நீட்டுங்க" என்றார். நாக்கில் வைத்த தாள் வெளிறிப்போய் இருந்தது. "பாத்தீங்களா? கிட்னி வருத்தக்காரருக்கு உடம்பில நைட்ரிக் ஒக்சைட் குறைஞ்சு போயிரும். அதாலதான் குழாய் விறைக்கிற, பிறசர் ஏறுற, நெஞ்சு அடைக்கிற. இது விஞ்ஞானம் அக்கா, நான் கட்டின கத இல்ல" என்றார். அவர் கட்டின கதையாக இருந்திருந்தால் உன் அம்மா அந்த இடத்திலேயே பிடித்திருப்பாள். சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தக் குழாய்களில் அந்த வாயு குறைவது உண்மை. அது குறைந்தால் குழாய் இளகாமல் இறுகுவதும் உண்மை. உண்மையை வாசலில் நிறுத்திவிட்டுப் பின்வழியால் பொய்யைக் கூட்டிவந்தார்.

அவரிடம் தூளும் தாள்களும் வாங்கிவந்து குடிக்கத் தொடங்கினாள். அடுத்த முறை நாள் நெருங்க நெருங்கத் தாளில் நிறம் ஏறியது. இளஞ்சிவப்பு, பிறகு சிவப்பு, பிறகு மாதுளம் முத்தின் நிறம். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கலியாணத்துக்குச் சேலை எடுக்கப் போன பெண் மாதிரி தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மிஷினால் இறங்கி வந்து வைத்துப் பார்த்தால் தாள் வெளிறிவிடும், முகமும் வாடிவிடும். "இந்த மிஷின் எண்ட சத்தையெல்லாம் உறிஞ்சிப் போடுதுங்க" என்று என்னிடம் அழுதாள். அவருக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன், ஏனென்றால் அவள் எப்போதும் போனைச் சத்தமாக வைத்துத்தான் பேசுவாள். "ஓம் அக்கா, மிஷின் கெட்டதோட சேத்து நல்லதையும் எடுத்துப்போடும். அண்டைக்கு மட்டும் கரண்டியக் கூட்டிப் போடுங்க" என்றார். அவள் கூட்டிப் போட்டாள். நிறம் நன்றாக ஏறிய ஒரு நாள் அந்தத் தாளைப் படம் பிடித்து உனக்கு அனுப்பினாள். நீ பெருவிரலைத் தூக்கிக் காட்டி "நல்ல கலர் அம்மா" என்று பதில் போட்டாய். அந்தப் பதிலை அவள் பால் கொண்டுவருகிறவருக்குக்கூடக் காட்டினாள். லெப்பில் வேலை செய்கிற மகனே சொல்லிவிட்டான் என்றாள்.

பிறகு வேளாண்மை வெட்டு வந்தது. வயலில் அறுவடை மிஷின் இறங்கியிருந்தது, வேலைக்காரருக்குச் சமைக்க வேண்டும். முறை நாளன்று காலையில் தாளை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அதுவரை வராத அளவுக்குக் கடும் நிறம். "இண்டைக்குத் தேவையில்லங்க. பாருங்க, இந்தக் கலரோட போய்ப் படுத்தா மறுகா எல்லாத்தையும் கழுவி எடுத்துப் போடுவாங்க" என்றாள். நான் சண்டை பிடித்தேன். அவள் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அடுத்த முறையும் அதே தாள், அதே பேச்சு. கால் பாரமாக இருக்கிறதென்றாள், நின்று சமைத்த களைப்பு என்று அவளே பதிலும் சொன்னாள். மத்தியானம் வயல் வரம்பில் தேத்தண்ணி வாளியோடு வந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வாளி கவிழ்ந்து தேத்தண்ணி வரம்பில் ஓடியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்கும்போது இதயம் நின்றுவிட்டிருந்தது.

அன்று இரவு கிளினிக் டொக்டரம்மா சொன்னதை நீயும் கேட்டாய். கொழும்பிலிருந்து நேரே வந்து, தோள்பையைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் நின்றாய். முறைக்கு ஏன் வரவில்லை என்று அவர் கேட்க, நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை வாங்கில் உட்கார்ந்துவிட்டார். "ஐயா, இந்தத் தாள் எச்சில்ல இருக்கிற ஒரு உப்பத்தான் காட்டும். சிறுநீரகம் வேலை செய்தா அந்த உப்பு மூத்திரத்தோட போயிடும். வேலை செய்யாட்டி இரத்தத்தில தேங்கும், எச்சில்லயும் கூடும். தாள் இப்பிடிக் கடும் சிவப்பா வந்தா உடம்பில கழிவு நிறைஞ்சிட்டுது, மிஷினுக்கு நேரமாச்சு எண்டுதான் அர்த்தம். வெளிறினா மிஷின் தன்ர வேலையச் செய்திட்டுது எண்டு அர்த்தம். இரத்தக் குழாய்க்குள்ள இருக்க வேண்டிய நைட்ரிக் ஒக்சைட்ட இது காட்டாது. அங்க இவவுக்குப் பஞ்சம்தான்" என்றார். அப்போ தூள் என்று கேட்டேன். "காய்ஞ்ச கீரையும் பீட்ரூட்டும், அவ்வளவும் பொட்டாசியம். முறைக்கும் வராமல் அதையும் குடிச்சா இதயம் என்ன செய்யும் ஐயா" என்றார். எனக்கு அது உடனே விளங்கியது. வடிச்சல் வாய்க்கால் அடைபட்டால் பள்ளத்து வயலில் தண்ணீர் தளும்பி நிற்கும். அதைப் பார்த்துவிட்டு வட்டை முழுக்கத் தண்ணீர் பாய்ந்துவிட்டது என்று சொல்கிற விதானையை என்ன செய்வார்கள்? மேட்டு வயல் காய்ந்து வெடித்துக்கொண்டிருக்கும், பள்ளத்தில் பயிர் அழுகிக்கொண்டிருக்கும். உன் அம்மா தளும்பி நின்ற தண்ணீரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே செத்தாள்.

அவள் அனுப்பிய படத்துக்கு நீ எழுதிய அந்தப் பதிலை நான் அன்றே மன்னித்துவிட்டேன். சத்தியமாகத்தான் சொல்கிறேன். வேலைக்கு நடுவில், எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல், அம்மாவைச் சந்தோஷப்படுத்த எழுதியது அது. ஆனால் டொக்டரம்மா பேசி முடித்த நிமிடத்திலிருந்து நீ தெரிந்தவன். தெரிந்த பிறகு நீ எடுத்துக்கொண்ட படம்தான் இந்தப் பேணியில் இருக்கிறது.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த பிறகு நான் அவருடைய வீட்டுக்குப் போனது உனக்குத் தெரியாது. பாதித் தூளோடு மிஞ்சிக் கிடந்த பேணியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். உட்காரச் சொன்னார், தேத்தண்ணி வரவழைத்தார், நெஞ்சில் கை வைத்து வருத்தம் தெரிவித்தார். "அக்காட விதி ஐயா. எத்தினையோ சனம் குடிக்குது, ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகல்ல. நான் இத மருந்து எண்டு சொன்னனா? உணவு எண்டுதானே பேணில போட்டிரிக்கன்" என்றார். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சிறுநீரக வருத்தக்காரர் இதைத் தொடக்கூடாது என்று பேணியில் பெரிய எழுத்தில் போடுங்கள் என்றேன். சிரித்தார், மகன். என் மனைவியின் எட்டுச் செலவு முடிந்து சாம்பல் வாசம் போகாத என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "அப்பிடிப் போட்டா நல்லா இருக்கிறவனும் பயந்து தொடமாட்டான் ஐயா" என்றார். அந்தத் தேத்தண்ணியை நான் தொடவில்லை.

அன்றிலிருந்து நான் அவருக்கு என்னென்ன நேர வேண்டும் என்று நினைத்தேன் என்பதைச் சொன்னால் கோயில் பக்கம் நான் போகக்கூடாது என்பாய். அவருடைய நாக்கு வறண்டு கிடக்க, உன் அம்மாவுக்கு அளந்து கொடுத்த மாதிரி ஒரு பேணித் தண்ணீரை அளந்து கொடுத்து, நாள் முழுக்க இதுதான் என்று சொல்லும் ஆளாக நான் நிற்க வேண்டும் என்று நினைத்தேன். செவ்விளநீர்க் குலையை அவர் கண் முன்னால் தொங்கவிட வேண்டும் என்று நினைத்தேன். வரம்பில் நடக்கும்போது, சாப்பிடும்போது, சவரம் பண்ணும்போதெல்லாம் நினைத்தேன். நினைக்க நினைக்க எனக்குப் பசி எடுத்தது, நன்றாகச் சாப்பிட்டேன். மனைவியை இழந்தவன் இளைப்பான் என்பார்கள், எனக்கு உடம்பு வைத்தது. கோபமும் ஒரு தீன்தான்.

அப்போதுதான் நீ ஒரு பிள்ளையை விரும்புவதாகச் சொன்னாய். யாருடைய மகள் என்று கேட்டேன். நீ பெயரைச் சொன்னாய். நான் மறுக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? தகப்பன் செய்ததற்கு மகள் என்ன செய்வாள் என்றுதான் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். நம்முடைய பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். நானும் உன் அம்மாவின் வீட்டுக்கு வந்து இருந்தவன்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ அவர் கூரைக்குக் கீழே படுப்பாய், அவர் அரிசியைத் தின்பாய், அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றேன். பேணியை மட்டும் ஏற்க முடியாது. அவருடைய வியாபாரத்தில் நீயும் சேர்வதாகக் கேள்விப்பட்டு முன்பு போனில் கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "அப்பா, அது நல்ல உடம்புக்காரருக்கு நல்லதுதான். நான் உள்ளுக்க இருந்தா மெல்ல மெல்லத் திருத்துவன்" என்றாய். திருத்துகிறவன் முதலில் எச்சரிக்கையை அல்லவா அச்சடிப்பான், தன் முகத்தையா அச்சடிப்பான்? அவருக்கு ஊரில் வேறு வெள்ளைக் கோட்டு கிடைக்காமலா உன்னைத் தேடினார்? செத்தவளின் மகனே சிபாரிசு செய்கிறான் என்றால் பிறகு எவன் வாய் திறப்பான்? அவர் உனக்கு மகளைத் தரவில்லை மகன், என் வாய்க்குப் பூட்டு வாங்கினார். நீ சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தாய்.

இனி, பேணியைக் கொண்டுவந்தது யார் என்று சொல்கிறேன். உன் தர்ஷினிதான். போன சனிக்கிழமை தனியாக ஸ்கூட்டியில் பாலம் தாண்டி வந்தாள். பெண்ணே கலியாணத்துக்குச் சொல்ல வருவது வழக்கமில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும், "மாமாவுக்கு நான்தான் நேர சொல்லணும் எண்டு நினைச்சன்" என்றாள். அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு பையிலிருந்து பேணியையும் தாளையும் எடுத்தாள். "மாமா, நாக்க நீட்டுங்க, பாப்பம்." நீட்டினேன். தாள் வெளிறியே இருந்தது. "ஐயோ மாமா, உங்களுக்கு நல்லாக் குறைவா இரிக்கி. ஒவ்வொரு நாளும் குடிக்கணும் நீங்க" என்றாள். அவள் விளையாடவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டாள். "புள்ள, உன்ட மாமி எதால போனா எண்டு தெரியுமா?" என்று கேட்டேன். "மாரடைப்பு எண்டுதானே அவர் சொன்னவர்" என்றாள்.

மாரடைப்பு. அதுவும் பாதி உண்மைதான், இல்லையா? உன் மாமனாரின் கைப்பக்குவம் உனக்கும் வந்துவிட்டது. நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாள், கரண்டி, வேளாண்மை வெட்டு, டொக்டரம்மா, தேத்தண்ணி, அவள் அப்பாவின் சிரிப்பு, எதையும் விடவில்லை. அந்தப் பிள்ளை அழவில்லை. பேணியை எடுத்து உன் படம் கீழே வருமாறு மேசையில் படுக்கவைத்தாள். "அப்பாவுக்கு இது தெரியுமா மாமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "அவருக்கும் தெரியுமா?" என்றாள். உன்னைத்தான் கேட்டாள். அதற்கும் தெரியும் என்றுதான் சொன்னேன். ஸ்கூட்டியை ஸ்டார்ட் பண்ணத் தெரியாதவள் மாதிரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

இனி என் திட்டத்தைக் கேள். பாசிக்குடா ஹோட்டல் மண்டபத்தில் உன் கலியாணம். வாசலில் ஒரு மேசை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக நாக்குப் பார்த்து, ஆளுக்கொரு பேணியும் கொடுக்கப்போகிறார் உன் மாமனார். கலியாண வீட்டிலேயே கடை விரிக்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நல்லது. மாப்பிள்ளை பக்கத்து ஆட்கள் யார் என்று பெண் வீட்டார் கேட்கக்கூடாது, பெண்ணின் தகப்பன் வாசலுக்கு வந்து ஒவ்வொருவரையும் கும்பிட்டு உள்ளே கூட்டிப்போக வேண்டும், அது நம்முடைய முறை. எனக்கு அண்ணன் தம்பி இல்லை, உன் அம்மாவின் பக்கத்திலும் ஆட்கள் குறைவு. ஆகையால் என் ஆட்களை ஆஸ்பத்திரி வாங்கிலிருந்து கூட்டிவருகிறேன். உன் அம்மா போன பிறகும் நான் அந்த வாங்குக்குப் போவதை நிறுத்தவில்லை. அங்கே மிஷினுக்கு வருகிறவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தமாகிவிட்டார்கள். உன் கலியாணத்துக்கு மறுநாள்தான் அவர்களுடைய முறை. அதாவது கலியாணத்தன்று அவர்கள் நாக்கில் நிறம் உச்சத்தில் இருக்கும்.

ஏறாவூர் சலீம் காக்காவை உனக்குத் தெரியும், சாரன் கடை வைத்திருந்தவர், உன் அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில். அவரிடம் விஷயத்தைச் சொன்னதும் சிரித்த சிரிப்பில் தாதி மிஸ்ஸி ஓடி வந்தார். "விதானையார், ஊருல ஒரு போட்டியிலயும் நான் ஜெயிச்சதில்ல. இதுல எனக்குத்தான் முதலாம் பரிசு, பாருங்க" என்றார். அங்கே மிஷினுக்கு வருகிற கணக்கு டீச்சர் மட்டும் கொஞ்சம் யோசித்தார். "கலியாண வீட்டுல போய் இப்பிடிச் செய்யலாமா ஐயா?" என்று கேட்டார். பிறகு கையில் ஊசி குத்திக் குத்தி வீங்கிய இடத்தைத் தடவிக்கொண்டு, "நானும் அந்தத் தூளில ஒரு பேணி முடிச்சனான். நல்ல காலம், சத்தி எடுத்ததால நிப்பாட்டினன். வாறன்" என்றார். வான் பேசியாயிற்று. அவர்களுக்கு உப்பில்லாத சோறும் அளவான தண்ணீரும் தனியாக வைக்கச் சொல்லி ஹோட்டலுக்கும் சொல்லியாயிற்று. டொக்டரம்மாவுக்கும் ஒரு அழைப்புக் கொடுத்தேன், வருவதாகச் சொன்னார்.

நினைத்துப் பார். மேசைக்குப் பக்கத்தில் நல்ல உடம்போடு நிற்கிற அவருடைய சொந்தக்காரரின் தாள்களெல்லாம் மங்கிக் கிடக்கும். நடக்கவும் ஏலாமல், முகம் ஊதி, பிடித்துக்கொண்டு வருகிற என் ஆட்களின் தாள்களோ மாதுளை மாதிரி சிவக்கும். இரண்டு சிறுநீரகமும் செத்தவர்கள்தான் அந்த மண்டபத்திலேயே ஆரோக்கியமானவர்கள் என்று அவருடைய தாளே, அவருடைய மேசையிலே, அவருடைய மகளின் கலியாணத்திலே சொல்லும். நான் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தால் போதும், அவர் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி.

வேண்டுமானால் இதை அவரிடம் சொல். சொல்லத்தான் எழுதுகிறேன். மேசையை எடுத்துவிட்டால் தன் தாளுக்குத் தானே பயந்துவிட்டார் என்று ஆகும், அது எனக்குப் பாதி வெற்றி. மேசையை எடுத்தாலும் என் பையில் தாள் இருக்கிறது. உன் முகத்தைப் பேணியிலிருந்து எடுத்துவிட்டாலும் நான் வருவேன். ஒரே ஒரு வித்தியாசம், அப்போது நீ மணவறையிலிருந்து எழுந்து வந்து என் பக்கத்தில் நிற்கலாம். எடுக்காவிட்டால் அவர் பக்கத்தில் நிற்பாய். நடுவில் நிற்கிற இடம் ஒன்று உனக்கு இருந்தது, அதை நீ படம் எடுத்த அன்றே விட்டுவிட்டாய்.

கலியாணம் குழம்பிப் போகும் என்று பயப்படுகிறாயா? நானும் பயந்தேன். இந்தக் கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிட்டு, அந்தப் பிள்ளை என்ன ஆவாள் என்று இரண்டு நாள் வயலுக்கும் போகாமல் இருந்தேன். நேற்றுக் காலை அவளே போன் எடுத்தாள். "மாமா, ஆஸ்பத்திரில இரிந்து உங்கட ஆக்கள் எத்தினை பேர் வருவாங்க?" என்று கேட்டாள். நான் திடுக்கிட்டுப் போனேன், உனக்கு யார் சொன்னது என்றேன். "சலீம் காக்காட மகள் என்னோடதான் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறா. அவங்களுக்கு முன் வரிசையில கதிரை போட்டிரிக்கன். அவங்களால கனநேரம் நிக்க ஏலாதுதானே" என்றாள். கலியாணம் நின்றுவிட்டால் என்ன செய்வாய் புள்ள என்று கேட்டேன். "அது அவரில இரிக்கி மாமா. தாள்ப் பெட்டிய நான் பிடிச்சுக்கொள்ளுறன். அவங்க நாக்க நீட்டட்டும். கலர அவரே பாத்துச் சொல்லட்டும். அவர்தானே நிபுணர்" என்றாள்.

நான் யோசித்ததைவிட அது நல்ல யோசனை. ஆகையால் மாற்றிக்கொண்டேன். உன் மாமனார் நாக்குப் பார்க்கப் போவதில்லை, நீதான் பார்க்கப்போகிறாய். பட்டு வேட்டியைக் கட்டு, அந்த வெள்ளைக் கோட்டையும் மறக்காமல் கொண்டு வா, கறுப்பு நூல் பொத்தானைப் போட்டுக்கொள். முதலில் சலீம் காக்கா வருவார், பிறகு கணக்கு டீச்சர். டொக்டரம்மா முன் வரிசையில் இருப்பார். அவர்கள் உன் முன்னால் நின்று, உன் அம்மா நீட்டிய மாதிரியே நாக்கை நீட்டுவார்கள். தாள் சிவக்கும். அவர்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அவளுக்குச் சொன்னதையே சொல் மகன்: "நல்ல கலர்."